இரண்டாவது வரி

என் கடைக்குக் கணினி கொண்டுவருகிறவர்களுக்கு இப்போது என்மேல் ஒரு புகார் உண்டு. ஒரு மிஷினை அழித்து ஓ.எஸ். மாற்றுவதற்கு முன்னால், அதில் இருக்கிற ஒவ்வொரு ப்ரோகிராமையும் திறந்து, திரையில் வருகிற எழுத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். அரை மணி நேர வேலைக்கு அரை நாள் ஆகிறது. "யுவராணி அக்கா கடையில மிஷினக் குடுத்தா போஸ்ட்மார்ட்டம் பண்ணித்தான் திருப்பிக் குடுக்கும்" என்று காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று ஊருக்கே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

இன்னாசிராஜ் ஐயா முதல்முறை வந்தது ஒரு சந்தை நாளில். கம்பைநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அறுபத்தைந்து வயது இருக்கும், விவசாயம். சி.பி.யூ.வை ஒரு பூப்போட்ட போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். மேசையில் இறக்கும்போதுகூடச் சத்தம் வராமல் இறக்கினார். காய்ச்சல்காரக் குழந்தையைக் கொண்டுவந்த மாதிரி இருந்தது எனக்கு. கடையில் அன்றைக்குக் கூட்டம்.

"ரொம்ப மெதுவா இருக்குதுங்க பாப்பா" என்றார். "காத்தால போட்டா, எங்க வூட்டுக்காரம்மா ஜெபம் முடிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாக்கூட அந்தப் பேரு வரமாட்டேங்குது. அது சீக்கிரமா வந்தாப் போதுமுங்க. ஆனா எதுவும் அழியக் கூடாது."

அந்தப் பேரு என்றால் எந்தப் பேரு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு பேர் பிரிண்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் பென் டிரைவை நீட்டிக்கொண்டிருந்தார். "சரிங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

போட்டுப் பார்த்தேன். டீ வாங்கிவரச் சொல்லி, அது வந்து, ஆறி, நான் குடித்தும் முடித்தேன். மிஷின் இன்னும் கண் விழிக்கவில்லை. அதிலிருந்த ஓ.எஸ். கிழடு தட்டிப்போனது. செய்தவர்களே கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. ஒருவழியாகத் திரை வந்ததும் ஆபீஸ் சாஃப்ட்வேரைத் தட்டினேன். பழைய பதிப்பு அது. திறப்பதற்கு முன்னால் இரண்டு நொடி ஒரு முகப்புப் பக்கம் வரும். இது இன்னாருக்கு உரிமம் கொடுக்கப்பட்டது என்று, போடும்போது நாம் அடித்த பெயரைக் காட்டும். வந்தது. ஒரு பெயர், கீழே இன்னொரு வரி. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன். பேசிக்கொண்டே மூடிவிட்டேன்.

"ஓ.எஸ். மாத்தணுங்க ஐயா. கொஞ்சம் மெமரியும் சேத்துட்டா பறக்கும். உங்க ஃபைலு, போட்டோ எல்லாம் எடுத்து வெச்சிட்டுத்தான் பண்ணுவேன். ஒரு எழுத்து அழியாது."

ஒரு எழுத்து அழியாது என்று சொன்னேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

இரண்டு நாளில் முடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு போட்டோ, இருபது முப்பது கடிதம், ஒரு பாட்டு ஃபோல்டர், எல்லாவற்றையும் எடுத்து வைத்து, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, புது ஓ.எஸ். போட்டு, கடிதம் திறக்க ஓர் இலவச ஆபீஸ் சாஃப்ட்வேரும் ஏற்றினேன். இருபது நொடியில் திரை வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அவர் வந்து அதே போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

நான்காம் நாள் காலையில் கடையைத் திறக்கிறேன், படியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை கையில் மிஷின் இல்லை, ஒரு மஞ்சப்பை மட்டும்.

"வேகமாத்தான் வருதுங்க பாப்பா. பேரு வரல."

"எந்தப் பேருங்க?"

"எம் புள்ள பேருங்க. ஆக்சிலியா."

அப்புறம் அவர் சொன்னதை, ஷட்டரைப் பாதி தூக்கியபடியே நின்று கேட்டேன். அந்த மிஷின் மகளுடையது. ஒரே மகள். ஓசூரில் கம்பெனி வேலை, சனி ஞாயிறில் வீட்டுக்கு வந்தால் அதன் முன்னால்தான் இருப்பாளாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று வந்து படுத்தவள், நான்காம் நாள் இல்லை. முப்பத்தோரு வயது. மனைவி மதலேனம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகள் எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முகப்பைக் காட்டி, "இதா பாரும்மா, இதான் எம் பேரு" என்று சொல்லியிருக்கிறாள். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தம்மாவுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலை ஜெபம் முடிந்ததும் மிஷினைப் போட்டு, மகள் காட்டிக் கொடுத்த அந்தப் படத்தைத் தட்டி, பெயர் வந்து போகிற வரைக்கும் பார்த்து, அணைத்துவிட்டுப் போய்த்தான் அடுப்புப் பற்றவைப்பாராம். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல்.

"மூணு நாளா மிஷின் முன்னாடியே உக்காந்திருக்குதுங்க. அடுப்பு நாந்தான் பத்த வெக்கிறேன். எம் புள்ளைய எங்க கொண்டுபோய் வுட்டுட்டு வந்தீங்கன்னு என்னியக் கேக்குது."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். குற்றம் என்னுடையது என்று தெரிகிற நேரத்தில்தான் எனக்கு அதிகமாக வரும். "இத மொதல்லயே சொல்ல வேண்டாங்களா ஐயா?" என்று கத்திவிட்டேன்.

"சொன்னனுங்களே" என்றார்.

ஆமாம், சொன்னார். நான் ஷட்டரை முழுக்கத் தூக்கி, நாற்காலியைத் துடைத்து, அவரை உட்காரச் சொன்னேன்.

இப்போது வருகிற புதுப் பதிப்புகளில் பெயர் காட்டுகிற முகப்பே கிடையாது. மின்னஞ்சலின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டுக் காட்டுவதோடு சரி. அதே பழைய பதிப்பின் திருட்டுக் காப்பி என்னிடமே இருக்கிறது, எல்லாக் கடையிலும் இருக்கும். அதைப் போட்டுப் பெயரை அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மஞ்சப்பையைப் பிரித்தார். உள்ளே ஓர் அட்டைப் பெட்டி. ஆபீஸ் சாஃப்ட்வேரின் ஒரிஜினல் டிஸ்க், ஒட்டிய சீட்டில் இருபத்தைந்து எழுத்துச் சாவி, கடை ரசீது, ரசீதின் பின்னால் நீல மையில் ஒரு கையெழுத்து. இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்தில் சாஃப்ட்வேருக்கு ரசீது வைத்திருந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

"திருடிப் போடறது அவளுக்குப் புடிக்காதுங்க. மொதச் சம்பளத்துல வாங்கினா. இதப் போடுங்க."

பெட்டியைத் திருப்பிப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அது முழுப் பதிப்பு இல்லை. ஏற்கனவே பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்குச் சலுகையில் கொடுக்கிற மேம்பாட்டுப் பதிப்பு. மிஷினில் பழையது இருக்க வேண்டும். இல்லாவிட்டால், போடும்போது பழைய டிஸ்க்கைக் காட்டு என்று கேட்கும். காட்டினால்தான் மேலே நகரும். மிஷினில் இருந்ததை நான் அழித்தாயிற்று.

"இதுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கியிருப்பாங்க ஐயா, காலேஜ் படிக்கறப்போ. அந்த டிஸ்க்கு வேணும்."

"டிஸ்க்குன்னா, வட்டமா பளபளன்னு இருக்கற தட்டுங்களா?"

"ஆமாங்க. வூட்ல இருக்குதுங்களா?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கொல்லையில இருக்குதுங்க" என்றார்.

எங்கள் பக்கம் சோளக்கொல்லையில் கிளி விழும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கூட்டமாக இறங்கினால் ஒரு காலையில் பாதி போய்விடும். பழைய சி.டி.க்களை நூலில் கோத்துக் குச்சிகளில் கட்டிவிட்டால், காற்றில் சுற்றி வெயிலை அடிக்கும், கிளி அண்டாது. எல்லாரும் செய்வதுதான். மகள் போன அந்த வருஷம் கொல்லையில் கதிர் வந்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் காலையிலிருந்து இருட்டும்வரை கொல்லையிலேயே கிடந்திருக்கிறார் இவர். அவளுடைய மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய டிஸ்க். கண்ணில் படும்போதெல்லாம் நெஞ்சை அடைத்ததாம். ஒரு நாள் டின்னோடு தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்.

"இந்த அட்டப் பொட்டியில இருந்தது மட்டும் கட்ட மனசு வரலீங்க, அவ கையெழுத்து இருந்துச்சு. மத்ததெல்லாம் சும்மா தட்டுன்னு நெனச்சுட்டன்." குனிந்துகொண்டே சொன்னார். "அப்பக் கட்டினது இன்னும் தொங்குதுங்க. மூணு போகம் பாத்துருச்சு."

இவர் கொல்லையில் கட்டினார். நான் கடையில் அழித்தேன். இரண்டு பேரும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தோம்.

மறுநாள் பதினேழு டிஸ்க் கொண்டுவந்தார். நூலைக்கூட அவிழ்க்காமல், குச்சியிலிருந்து அறுத்தபடியே. மேல் பக்கத்து எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்துப்போய், எது எதுவென்று தெரியவில்லை. மண்ணும் பறவை எச்சமும் காய்ந்து அப்பியிருந்தன. கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இவர்கள் கல்யாண வீடியோ ஒன்று. மகள் சிறுவயதில் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை வீடியோ ஒன்று; வெள்ளைக் கவுனும் கையில் மெழுகுவத்தியுமாக ஒரு குட்டிப்பெண், நடுவில் உறைந்து நின்றுவிட்டாள். கிளிகள் மூன்று வருஷமாக இதற்கெல்லாம் பயந்திருக்கின்றன. சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றும் போனது.

பதினான்காவது டிஸ்க்கில் டிரைவ் முனகியது. நிறுத்தி, கீறல் போகப் பல் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, மறுபடி போட்டேன். மூன்றாம் தடவையில் திரையில் பட்டியல் வந்தது. அதுதான். முக்கால்வாசி ஃபைல் படிக்க முடியவில்லை; அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் ஏற்ற முடியாது. ஆனால் ஏற்ற வேண்டியதும் இல்லை. முன்னால் ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளம் காட்டினால் போதும், புதியது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

"கெடச்சிருச்சுங்க ஐயா" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மிஷினை இன்னொரு தடவை வெளியே அனுப்ப மதலேனம்மாள் சம்மதிக்க மாட்டார் என்பதால் நானே வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன். கிளம்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. "பேருக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சேங்க, கம்பெனி பேரு போடற எடத்துல. அது என்னன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருந்துச்சு போலங்க. நான் படிச்சதில்ல." இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிப்பார் அவர், பத்தாவது வரை போனவர். "அந்தப் பேரு வரப்போ நான் மாட்டுக்கிட்டப் போயிருவனுங்க. என்னால அங்க நிக்க முடியாது."

வெள்ளிக்கிழமை காலை கம்பைநல்லூரில் பஸ் இறங்கினேன். ஐயா தன் எக்செல் மொபெட்டோடு நின்றிருந்தார். வீடு ஓட்டு வீடுதான், முன்னறையில் மாதா படம், அதற்குக் கீழே மகளின் படம், அதற்குக் கீழே மேசையில் கணினி. அந்தம்மா திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். திட்டினால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வா கண்ணு, வெயில்ல வந்திருக்கிற, ஒக்காரு" என்றார். நான் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

டிஸ்க்கைப் போட்டேன். சாவி கேட்டது, கொடுத்தேன். இந்தக் கணினியில் பழைய பதிப்பு இல்லை, அதன் டிஸ்க்கைப் போடவும் என்றது. கொல்லை டிஸ்க்கைத் துடைத்து உள்ளே தள்ளினேன். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. முதல் முறை இல்லை என்றது. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டம். மேலே பெயர், கீழே நிறுவனம். இரண்டும் வெறுமையாக.

"பேர நீங்களே அடிங்க ஐயா" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். அந்தம்மா பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"மொத எழுத்து கூரை மாதிரி இருக்கும். ஆங், அதான். மூணாவது, ரெண்டு குச்சி குறுக்கால போட்டாப்புல. அதேதான். கடைசியிலயும் கூரை." பெரிய எழுத்தில் ஏழு எழுத்தும் வந்து நின்றபோது, "இதாங்க" என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

நான் குனிந்து அடுத்த பொத்தானைத் தொடப் போனேன்.

"இரு கண்ணு. கீழ ஒண்ணு இருந்துச்சே."

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். "என்னன்னு தெரியலைங்கம்மா. அது சும்மா கம்பெனி பேரு போடற எடம்."

"எதுவா இருந்தா என்ன? அவ எழுதினதுதான. அதயும் போடு." கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே. என்னான்னு எழுதியிருந்தா?"

இன்னாசிராஜ் ஐயா என்னைப் பார்த்தார். அன்று கடையில் சொன்னதை இங்கே சொல்லிவிடாதே என்று கேட்கிற பார்வை. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"நம்ம பேருதான்" என்றார். "அப்பன் பேரும் ஆத்தா பேரும். அவ பேருக்குக் கீழ நம்ம ரெண்டு பேரயும் போட்டிருந்தா."

"நெசமாவா?"

"ஆமா."

அந்தம்மா மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஐயா மறுபடி எழுத்துகளைத் தேட ஆரம்பித்தார். இன்னாசிராஜ், ஓர் இடைவெளி, மதலேனம்மாள். எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது. அழித்து அழித்து அடித்தார். பொய்தான். ஆனால் நல்ல பொய் என்று நினைத்தேன் நான். இந்தம்மா தினமும் இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக அடுப்புப் பற்றவைக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அடித்து முடித்ததும் மதலேனம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்தார். கீழ் வரியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து, அந்த வரியின் தொடக்கத்தில் வைத்தார்.

"இல்லீங்க" என்றார். "இம்மாம் நீட்டு இல்ல. சின்னதுதான். ரெண்டு வெரக்கடைதான் இருக்கும். தெனமும் முந்தானையில தொடைப்பன், எனக்குத் தெரியாதா?"

வெளியே மாடு கத்தியது.

"நான் படிச்சதில்ல மதலேனு" என்றார் ஐயா. "மூணு வருசமா இந்தப் பக்கமே நான் திரும்பல. ஒரே ஒருவாட்டி எட்டிப் பாத்திருந்தா படிச்சிருப்பன்."

அந்தம்மா அவரைக் கோபிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீயாச்சும் பாத்தியா கண்ணு, அழிக்கறதுக்கு முன்னாடி?"

"பாத்தங்கம்மா" என்றேன். "படிக்கல." அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். கடைக்காரி, வேலைக்கு வந்த வீட்டில், கண்ணீரும் மூக்குமாக நின்றேன். படிக்கத் தெரியாத அந்தம்மா ஆயிரம் தடவை பார்த்திருந்தார். படிக்கத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை. என்ன எழுதியிருந்தாள் என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

அவர் என் தோளைத் தட்டினார். "அழுவாத. அத எடுத்துரு கண்ணு. அவ எழுதாதத அவ பேருக்குக் கீழ எழுத வேணாம். அந்த எடம் அப்டியே கெடக்கட்டும்."

கீழ் வரியை அழித்தேன். பொத்தானை அமுக்கினேன். கால் மணி நேரத்தில் ஏறி முடிந்தது.

தினமும் தட்டுவது அந்தம்மாதான் என்பதால் மவுஸை அவர் கையில் கொடுத்தேன். படத்தின்மேல் கொண்டுபோய்ப் பழக்கமாக இரண்டு தட்டுத் தட்டினார். முகப்பு வந்தது. ஆக்சிலியா. கீழே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில் இரண்டு விரலை வைத்து, பக்கம் மறைகிறவரை வைத்திருந்தார். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"காப்பி வெக்கறன், குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் கையால் அடுப்புப் பற்றியது.

நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். ஐயாவுக்கு வைத்த டம்ளர் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ப்ரோகிராமைத் திறந்து, பெயர் வந்து போகிறவரை பார்த்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரையும் திறந்துகொண்டேதான் இருந்தார்.